கிளிக் பண்ணா என்ன ஆகுது: 90கள் வெப் கலையை எடை போடுறது எப்படி

2002 வாக்குல இருக்கும், ஒரு காலேஜ் விழாவுல வெப்சைட் போட்டிக்கு என்னை நடுவரா உக்கார வெச்சாங்க. எனக்கு அப்ப தெரிஞ்சது வெப் பக்கம் எழுதுற எச்டிஎம்எல் கொஞ்சம், வெப்ல அனிமேஷன் பண்ற ஃப்ளாஷ் அதைவிடக் கொஞ்சம், மிச்சமெல்லாம் வாய்தான். முதல் பரிசை எதுக்குக் குடுத்தேன்னா நாப்பது பட்டன் இருந்த ஒரு ஃப்ளாஷ் அயிட்டத்துக்கு, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சத்தம், மவுஸ் போற பக்கமெல்லாம் நட்சத்திரம் கொட்டும், ஹால்ல கூட்டம் பூரா அங்கதான் நின்னுச்சு. கடைசி மெஷின்ல ஒரு பொண்ணு வெச்சிருந்தது வெறும் வெள்ளைப் பக்கம். நடுவுல ஒரு பெட்டி. அதுல நீங்க ஏதாவது டைப் பண்ணி அனுப்புனா உங்களுக்கு முன்னாடி வந்த ஆள் எழுதுன வரி உங்களுக்குத் தெரியும், உங்க வரி அடுத்து வர்ற ஆளுக்குப் போகும், அவ்ளோதான். நான் "டெஸ்ட்"னு அடிச்சேன். "அப்பாவுக்கு போன் பண்ணணும்"னு வந்துச்சு. "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா"ன்னு சொல்லிட்டு நகந்துட்டேன்.

ராத்திரி பஸ்ல வரும்போதுதான் உறைச்சுது. யாரோ ஒருத்தர் மனசுல இருந்ததை நான் வாங்கிக்கிட்டு, அடுத்த ஆளுக்கு "டெஸ்ட்"டைக் குடுத்துட்டு வந்திருக்கேன். அந்த நாப்பது பட்டன்ல ஒண்ணு கூட இன்னைக்கு ஞாபகம் இல்ல, அந்தப் பெட்டி மட்டும் அப்படியே இருக்கு.

அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் 90கள்ல வெளிநாட்டுல பண்ண நெட் ஆர்ட்டை, அதாவது இன்டர்நெட்டை வெச்சே பண்ற கலையை எல்லாம் தேடித் தேடிப் பாக்க ஆரம்பிச்சேன். இப்பல்லாம் பழைய வெப் மேல பசங்களுக்கு ஒரு ஆசை வந்திருக்கு, "அண்ணா இதெல்லாம் நல்லாருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்றது, எல்லாமே உடைஞ்ச சைட் மாதிரி இருக்கே"ன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி. நான் எடை போடுற விதத்தை சொல்றேன். அடிப்படையில ஒரே கேள்விதான்: கிளிக் பண்ணதும் இது என்னை யாரா ஆக்குச்சு? வேடிக்கை பாக்குறவனாவே விட்டுச்சா, இல்ல ஏதாவது ஒரு வேலையில, ஒரு பொறுப்புல, ஒரு தர்மசங்கடத்துல கொண்டு போய் மாட்டிவிட்டுச்சா? எத்தனை பட்டன், எவ்ளோ அனிமேஷன்ங்கிறதெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

பாக்குறதுக்கு முன்னாடி

மொதல்ல செல்போன்ல பாக்காதீங்க. இது எல்லாமே மவுஸுக்கும் 640க்கு 480 இல்லன்னா 800க்கு 600 ஸ்க்ரீனுக்கும் பண்ணது, கைவிரலால தடவிப் பாத்துட்டு "ஒண்ணும் நடக்கல"ன்னு சொன்னா அது கலையோட தப்பு இல்ல. ஓல்ட்வெப் டாட் டுடேன்னு ஒரு சைட் இருக்கு, பழைய நெட்ஸ்கேப், பழைய எக்ஸ்ப்ளோரர்னு அந்தக் காலத்து பிரவுசர் எல்லாத்தையும் உங்க பிரவுசருக்குள்ளேயே ஓட்டிக் காட்டும், அதுல பாருங்க. நியூயார்க்குல ரைஸோம்னு 1996ல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு இருக்கு, அவங்க நெட் ஆர்ட் ஆந்தாலஜின்னு நூறு படைப்பை எடுத்து, முடிஞ்சவரைக்கும் ஓடுற நிலைமையில வெச்சிருக்காங்க, ஆரம்பிக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஃப்ளாஷ்ல பண்ணது எல்லாம் 2020 டிசம்பர் 31ஓட செத்துப்போச்சு, அதுக்கு ரஃபிள்னு ஒரு எமுலேட்டர், அதாவது பழைய சாஃப்ட்வேர் மாதிரியே நடிச்சு ஓட்டிக் காட்டுற புரோகிராம் இருக்கு, பெரும்பாலும் ஓட்டிடும்.

எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்னு கேட்டா ஒரு உதாரணம். அலெக்ஸி ஷுல்கின்னு ஒரு ரஷ்யக்காரர் 1997ல ஃபார்ம் ஆர்ட்னு ஒண்ணு பண்ணார், நாம ரயில்வே டிக்கெட்டுக்கும் பேங்குக்கும் நிரப்புற ஃபார்ம் இருக்குல்ல, அதுல வர்ற செக்பாக்ஸ், ரேடியோ பட்டன், டெக்ஸ்ட் பெட்டி, இது மட்டும்தான் கச்சாப்பொருள், கோலப்புள்ளி மாதிரி அடுக்கி அடுக்கிப் படம் போட்டிருப்பார். அந்தக் காலத்து சாம்பல் கலர் பட்டன், ஓரம் கொஞ்சம் தூக்கின மாதிரி, அழுத்துனா உள்ள போகும், அந்த ஆபீஸ் வாடைதான் அதோட உயிர். இன்னைக்கு பிரவுசர்ல அதே பக்கத்தைத் திறந்தா செக்பாக்ஸ் எல்லாம் வழவழன்னு வேற டிசைன்ல நிக்கும். எழுதின எச்டிஎம்எல் அதேதான், ஒரு எழுத்து மாறல, ஆனா நீங்க பாத்தது ஃபார்ம் ஆர்ட் இல்ல.

வேகம் இன்னொரு விஷயம். அப்ப போன் லைன்ல நெட் கொண்டு வர்ற 28.8 மோடம்னா நொடிக்கு அதிகபட்சம் 3.6 கிலோபைட்தான் இறங்கும், நூறு கேபி படம் வர அரை நிமிஷம் ஆகும், அதுவும் லைன் நல்லா இருந்தா. அந்த அரை நிமிஷம் என்ன பண்றதுன்னு யோசிச்சுப் பண்ணவங்களும் இருக்காங்க, யோசிக்காம மூணு எம்பி ஆடியோவைத் தூக்கிப் போட்டவங்களும் இருக்காங்க. எமுலேட்டர்லயும் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும், எரிச்சல்படாதீங்க, அந்த எரிச்சலும் அந்தக் காலத்துல உண்டு.

முதல் பாடம்: ஓல்யா லியாலினா

ஒரே ஒரு படைப்பை வெச்சுக் கத்துக்கணும்னா ஓல்யா லியாலினா 1996ல பண்ண "போர்ல இருந்து திரும்பி வந்த என் காதலன்"கிறதைத்தான் எடுப்பேன். மாஸ்கோவுல சினிமா பத்தி எழுதிக்கிட்டு, பரிசோதனைப் படங்களைத் திரையிட்டுக்கிட்டு இருந்தவங்க, அதனால எடிட்டிங் புத்தி கையோட வந்திருக்கு. நெட்ஸ்கேப் ரெண்டாவது வெர்ஷன்ல ஃப்ரேம்னு ஒரு வசதி அப்பத்தான் வந்திருந்துச்சு, ஒரே பக்கத்தை ரெண்டு மூணு ஜன்னலாப் பிரிக்கலாம், எல்லாரும் அதை இடதுபக்கம் மெனு, வலதுபக்கம் விஷயம்னு போடுறதுக்குத்தான் வெச்சிருந்தாங்க. இவங்க அதை எடுத்து ஒரு வீட்டுக்குள்ள சுவர் எழுப்பிட்டாங்க.

எப்படி நடக்குதுன்னு கிட்டப் போய் பாப்போம். கறுப்புப் பக்கம், வெள்ளை எழுத்து. காதலன் வந்தாச்சு, சாப்பாடு முடிஞ்சு பெரியவங்க ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஒரு வரி. கிளிக். ஒரு ஆணும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காம உக்காந்திருக்கிற கறுப்பு வெள்ளைப் படம், பக்கத்துல ஒரு ஜன்னல். இன்னொரு கிளிக். ஸ்க்ரீன் ரெண்டாப் பிளக்குது. ஒரு பக்கம் ஒரு வாக்கியம், அதைத் தட்டுனா அதே கட்டத்துல அடுத்த வாக்கியம், இன்னொரு கட்டத்துல வேற பேச்சு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேள்வி வருது, நாளைக்கேன்னு வருது, இல்ல இல்ல அடுத்த மாசம்னு தள்ளிப் போகுது, இன்னொரு மூலையில அவன் இல்லாதப்ப ஏதோ ஒரு தடவை நடந்ததைப் பத்தி ஒரு இழுத்த பேச்சு. யார் பேசுறாங்கன்னு பெயர் கிடையாது. நீங்க எந்தக் கட்டத்தை முதல்ல தட்டுறீங்களோ அந்த வரிசையிலதான் அந்த சண்டை நடக்கும், ஒரு பேச்சுக்கு பதில் வேற கட்டத்துல, வேற நேரத்துல கெடைக்கும், சில சமயம் கெடைக்கவே கெடைக்காது. தட்டத் தட்ட கட்டம் சின்னதாகிக்கிட்டே போகும், ஒவ்வொண்ணும் பேச்சு தீந்ததும் வெறும் கறுப்பு. கடைசியில ஸ்க்ரீன் முழுக்க காலிக் கட்டம்.

இப்ப நம்ம கேள்வியைக் கேளுங்க, இது என்னை யாரா ஆக்குச்சு? அந்த ரூமுக்கு வெளிய நின்னு கதவுல காது வெச்சவனா ஆக்குச்சு. அதோட விட்டாலும் பரவாயில்ல, நான்தான் அவங்களைப் பேச வெச்சுக்கிட்டே இருக்கேன், நான் கிளிக் பண்ணாம விட்டா அந்த உறவு முறியாம அப்படியே நின்னிருக்கும். அடுத்த வரி என்னன்னு தெரிஞ்சுக்கிற என் ஆசைதான் அவங்களை கறுப்புக் கட்டத்துக்குக் கொண்டு போய் விட்டுச்சு. இதுல படமே கொஞ்சம்தான், கலர் கிடையாது, சத்தம் கிடையாது.

கவனிக்க வேண்டியது இன்னொண்ணு, கிளிக்குக்கு அர்த்தம் மாறிக்கிட்டே வருது. முதல் கிளிக் வெறும் பக்கத்தைப் புரட்டுறது, நடுவுல அது தோண்டித் துருவுறது, கடைசியில அது ஒவ்வொரு விளக்கா அணைக்கிறது. நல்ல படைப்புல முதல் கிளிக்கும் கடைசி கிளிக்கும் ஒரே எடையில இருக்காது. நான் பரிசு குடுத்த நாப்பது பட்டன் ஃப்ளாஷ்ல எல்லாம் ஒரே எடையில இருந்துச்சு, அங்கதான் தோத்துச்சு, எந்தப் பட்டனை எப்ப அழுத்துனாலும் ஒரே மாதிரி "டிங்".

அவங்களே அடுத்த வருஷம் பண்ண அகதா தோன்றுகிறாள்ங்கிறதைப் பாக்கும்போது ஸ்க்ரீனைப் பாக்காம மேல அட்ரஸ் பாரைப் பாருங்க. நாயகி நெட்டுக்குள்ள ஊர் ஊராப் போறாங்கிறது கதை, நிஜமாவே ஒவ்வொரு கிளிக்குக்கும் வேற வேற சர்வருக்கு நம்மளைக் கூட்டிட்டுப் போகும், ஃபைல் பேருலயே கதை நகரும். படத்தை மட்டும் பாத்தவங்க பாதிதான் பாத்தாங்க.

சோர்ஸைத் திறந்து பாருங்க

இது நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டது. ஒரு ஓவியத்தோட பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க, ஆனா வெப் பக்கத்துக்குப் பின்பக்கம் எப்பவும் திறந்துதான் கெடக்கு. பிரவுசர்ல வியூ சோர்ஸ் தட்டுனா போதும், பக்கத்தை எழுதின எச்டிஎம்எல் அப்படியே தெரியும்.

ஜோடின்னு ரெண்டு கலைஞர்கள், நெதர்லாந்து ஜோன் ஹீம்ஸ்கெர்க், பெல்ஜியம் டிர்க் பேஸ்மன்ஸ், ரெண்டு பேரோட பேர்லயும் முதல் ரெண்டெழுத்தைச் சேர்த்து வெச்ச பேரு, நமக்கு அது அர்த்தத்தோட பொருந்திப் போனது தற்செயல். 1995ல அவங்க போட்ட முகப்புப் பக்கம், அட்ரஸே டபிள்யூவை ஒன்பது தடவை அடிச்சு ஜோடி டாட் ஆர்க்னு போகும், திறந்தா கறுப்புல பச்சை எழுத்து, கோடு, புள்ளி, எண்ணு, சாய்வுக்கோடு எல்லாம் கொட்டிக் கெடக்கும், அதுவும் கண் சிமிட்டிக்கிட்டே. வைரஸ்னு நெனச்சு ஒயரைப் புடுங்கத் தோணும்.

இப்ப சோர்ஸைத் திறங்க. அதே எழுத்துங்கதான், ஆனா அங்க ஒழுங்கா வரிசை கட்டி நிக்குது, எழுத்தாலயே வரைஞ்ச படம், ஹைட்ரஜன் குண்டோட வரைபடம். என்ன நடந்துச்சுன்னா எச்டிஎம்எல்ல எத்தனை ஸ்பேஸ் விட்டாலும் எத்தனை வரி தட்டுனாலும் பிரவுசர் அதையெல்லாம் ஒரே ஒரு ஸ்பேஸா நசுக்கிடும், அப்படியே காட்டணும்னா ப்ரீன்னு ஒரு டேக் போடணும். அதைப் போடாம விட்டாங்க. அவ்ளோதான் டெக்னிக். கம்ப்யூட்டர் காட்டுற முகத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு தோண்டிப் பாக்குறவனுக்கு மட்டும் குண்டு தெரியும், மத்தவங்களுக்கு அது குப்பை. முன்னாடி நான் பயந்துபோன வாடிக்கையாளன், சோர்ஸைத் திறந்ததும் மெக்கானிக் ஆயிட்டேன். என்னை யாரா ஆக்குச்சுங்கிறதுக்கு இதைவிடப் பளிச்சுன்னு பதில் வேணுமா.

அவங்களோடதே 404னு ஒண்ணு இருக்கு, பக்கம் காணோம்னு வர்ற எரர் நம்பரைப் பேரா வெச்சது. அதுல ஒரு அறையில நீங்க எதை டைப் பண்ணாலும் இங்கிலீஷ் உயிரெழுத்தை எல்லாம் புடுங்கிட்டு மெய்யை மட்டும் போர்டுல ஏத்தும். உயிர் போனா மெய்ன்னு நம்மாளுங்க இலக்கணத்துலயே எழுதி வெச்சிருக்காங்க, இவங்க அதை வெப்சைட்டாப் பண்ணியிருக்காங்கன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டேன். உலகம் பூரா ஆளுங்க அங்க வந்து பல்லு போன பாஷையில பேசிக்கிட்டாங்க. முடக்குனதுலதான் பேச்சே வந்துச்சு.

இந்த ஜாதிப் படைப்புல ஒரு சிக்கல் உண்டு. எது வேணும்னே உடைச்சது, எது காலத்தால உடைஞ்சதுன்னு பிரிச்சுப் பாக்கணும். ஜோடி பக்கம் சிமிட்டாம நின்னா அது அவங்க முடிவு இல்ல, எழுத்தைச் சிமிட்ட வெக்கிற பிளிங்க் டேக்கை பிரவுசர்காரங்க தூக்கிட்டாங்க. சந்தேகம்னா சோர்ஸ்தான் சாட்சி: படத்துக்கு லிங்க் எழுதியிருந்து படம் வரலன்னா காலம் தின்னுடுச்சு, படமே எழுதலன்னா அது அவங்க வெச்ச காலி இடம். உடைஞ்சதுக்கு மார்க் குறைக்காதீங்க, அதே சமயம் உடைஞ்சது அழகா இருக்குங்கிறதுக்காக மார்க் ஏத்தாதீங்க. பழைய சைட்டுல காணாமப் போன படத்துக்குப் பதிலா நிக்கிற குட்டி ஐகானைப் பாத்து உருகுறது இப்ப ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு.

அந்தப் பக்கம் யாரு?

90கள் வெப்புல நிஜமாவே புதுசுன்னா அது படமும் இல்ல சத்தமும் இல்ல, அந்தப் பக்கம் முகம் தெரியாத ஆளு இருந்தாங்கிறதுதான். அதனால இன்டராக்டிவ்னு சொல்ற ஒவ்வொண்ணுலயும் நான் பாக்குறது, நாம மெஷினோட ஆடுறோமா, மெஷின் வழியா இன்னொரு மனுஷங்கிட்ட போறோமா.

டக்ளஸ் டேவிஸ்னு ஒரு கலைஞர் 1994ல நியூயார்க் பிராங்க்ஸ்ல லேமன் காலேஜ் கேலரிக்காக ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சு வெச்சார், யார் வேணா வந்து தொடரலாம், ஒரே நிபந்தனை, முற்றுப்புள்ளி வெக்க முடியாது. அடுத்த வருஷம் அது விட்னி மியூசியத்துக்குப் போச்சு. எத்தனையோ பாஷையில லட்சக்கணக்குல வரி சேந்துச்சு. இதுல நான் ரசிக்கிறது அந்த நிபந்தனையைத்தான். வெறுமனே "வந்து எழுதுங்க"ன்னு சொல்லியிருந்தா அது விருந்தாளிங்க கையெழுத்து போடுற நோட்டு. புள்ளி வெக்க முடியாதுன்னு சொன்னதும் ஒவ்வொருத்தரும் முன்னாடி எழுதினவரோட தோள்ல கை போட்டுத்தான் ஆகணும், தனக்கு அடுத்து வர்றவருக்கு ஒரு நுனியை விட்டுட்டுத்தான் போகணும். ஒரு நல்ல விதி நாப்பது பட்டனுக்குச் சமம்னு நான் இப்ப சொல்றது அந்த ஹால்ல அசடு வழிஞ்சதாலதான். 2013ல விட்னி இதை சரி பண்ணப்போ ஒரு சுவாரசியமான முடிவு எடுத்தாங்க, கொரிய எழுத்தெல்லாம் சிதைஞ்சு செத்த லிங்க்கோட இருக்கிற பழசை அப்படியே ஒரு பிரதியா வெச்சுட்டு, தொடர்ந்து எழுதக்கூடிய இன்னொரு பிரதியைத் தனியா விட்டாங்க. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காம விட்டதுக்கு ஒரு கும்பிடு.

ஜென்னி ஹோல்ஸர்னு ஒரு அமெரிக்கக் கலைஞர் 1995ல பண்ணதும் இந்த வகைதான், தன்னோட பிரபலமான ஒற்றை வரிகளை வர்றவங்க திருத்தி எழுத விட்டுட்டாங்க. எனக்கு அது ரெண்டு தடவைக்கு மேல தாங்கல, ஆளுங்க புத்திசாலித்தனத்தைக் காட்டுற இடமா மாறிடுச்சு.

கென் கோல்ட்பெர்க்கும் அவர் கூட்டாளிங்களும் 1995ல தெற்கு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில வெச்ச டெலிகார்டன் வேற தினுசு. நடுவுல ஃபேக்டரியில இருக்கிற மாதிரி ஒரு ரோபோ கை, அதைச் சுத்தி நிஜ மண்ணு, நிஜ செடி. வீட்டுல உக்காந்து மவுஸால அந்தக் கையை நகத்தி விதை போடலாம், தண்ணி ஊத்தலாம். அடுத்த வருஷம் ஆஸ்திரியாவுல லின்ஸ் நகரத்துக்கு, ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா சென்டருக்குப் போச்சு, 2004 வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. ரோபோவைப் பாத்து வாயைப் பொளக்குறது சுலபம். அதைவிட்டுட்டு நேரத்தைப் பாருங்க. கிளிக்குக்கும் பலனுக்கும் நடுவுல வாரக்கணக்குல இடைவெளி. வெப்புல எல்லாம் உடனே நடக்கணும்னு எல்லாரும் அடிச்சுக்கிட்ட காலத்துல, இது முளைக்கிறதுக்குக் காத்திருன்னு சொல்லுச்சு. ஊருக்குப் போறவங்க என் செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கன்னு முகம் தெரியாத ஆளுங்ககிட்ட கேட்டுட்டுப் போனாங்க, நாம பக்கத்து வீட்டுல துளசிக்கு சொல்லிட்டுப் போற மாதிரி. ரோபோ பாக்க வந்தவனை அண்டை வீட்டுக்காரனா ஆக்கிடுச்சு பாருங்க, அதுதான் ஜெயிச்ச இடம். கூட்டமா வந்து எல்லாரும் தண்ணி ஊத்துனா செடி அழுகிடும்ங்கிறதும் அதே பாடத்துல சேந்ததுதான்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சதுல ஸ்க்ரீனே முக்கியமில்ல. ஹீத் பன்ட்டிங்னு ஒரு பிரிட்டிஷ் கலைஞர், 1994 ஆகஸ்ட் 5, லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில்வே ஸ்டேஷன். ஸ்டேஷன்ல இருக்கிற பப்ளிக் போன் பூத் நம்பரையெல்லாம் நெட்ல போட்டுட்டு, அன்னைக்கு சாயங்காலம் அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னார். சும்மா ரிங் விட்டு வெச்சுடுங்க, இல்ல ஒரு தாளத்துல மாத்தி மாத்தி அடிங்க, எடுக்குறவங்ககிட்ட பேசுங்க, இல்ல நேர்லயே வந்து வேடிக்கை பாருங்க, இதுல எதுவும் வேணாம்னா வேற ஏதாவது பண்ணுங்கன்னு குறிப்பு. ஆபீஸ் முடிஞ்சு ரயிலுக்கு ஓடிட்டிருக்கிற சனம், திடீர்னு வரிசையா போன் அடிக்குது. எடுத்தா உலகத்துல எங்கயோ இருந்து ஒரு குரல், வேலை ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்னு.

இதை எடை போடும்போது சைட்டைப் பாத்து மார்க் போட்டா முட்டை போடுவீங்க, அது வெறும் எழுத்துப் பக்கம். படைப்பு நடந்தது ஸ்டேஷன்ல. அதனால ஒவ்வொரு தடவையும் கேக்கணும், நடந்த இடம் எது? ஸ்க்ரீனா, சர்வரா, மண்ணா, பிளாட்பாரமா?

கிளிக்கே இல்லன்னா

சில பேர் கையைக் கட்டிப்போட்டுட்டு ஜெயிச்சிருக்காங்க. ஜான் சைமன் 1997ல போட்ட எவ்ரி ஐகான், 32க்கு 32 கட்டம், ஒவ்வொண்ணும் கறுப்பு இல்லன்னா வெள்ளை, சாத்தியமான எல்லாப் படத்தையும் ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே போகும். நொடிக்கு நூறுன்னு ஓடுனா முதல் வரி முடியவே ஒரு வருஷம் நாலு மாசம் ஆகும். சரி ரெண்டாவது வரின்னு கேட்டா, 585 கோடி வருஷம். நீங்க பண்ண ஒண்ணுமில்ல, பாத்துக்கிட்டு நிக்கிறதுதான், ஆனா நிக்க நிக்க ஒரு மாதிரி வயித்தைக் கலக்கும். சியோல்ல இருந்து யங் ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ்னு ரெண்டு பேர் ஃப்ளாஷ்ல வெறும் எழுத்தை ஜாஸ் தாளத்துக்கு அடிச்சு அடிச்சுக் காட்டுவாங்க, நிறுத்தவும் முடியாது பின்னாடி போகவும் முடியாது, புடிச்சா பாரு இல்லன்னா போ. எல்லாரும் பட்டனைத் தேடுற ஊர்ல பட்டன் இல்லாம வெக்கிறதும் ஒரு பேச்சுதானே. அதனால இன்டராக்டிவ் இல்லன்னு ஒதுக்கிடாதீங்க.

கழட்டிப் பாக்குற சோதனை

சந்தேகமா இருக்கிறதுக்கு நான் வெக்கிற சோதனை இது: நெட்டைக் கழட்டிட்டு ஒரு சிடியில போட்டுக் குடுத்தா படைப்பு எவ்ளோ மிஞ்சும்? டேவிஸோட வாக்கியத்துல எதுவும் மிஞ்சாது, நின்னு போன கடிகாரம்தான். லியாலினாவுல பெரும்பங்கு மிஞ்சும், ஆனா பிரவுசர் வேணும். நாப்பது பட்டன் ஃப்ளாஷ்ல நூத்துக்கு நூறும் மிஞ்சும், அப்படின்னா அது வெப்புக்கு வந்ததே தற்செயல்.

இந்த விஷயம் 1997ல ஜெர்மனி காசெல்ல டாக்குமென்டா பத்தாவது கண்காட்சியில நிஜமாவே சண்டையா வந்துச்சு. அவ்ளோ பெரிய கலைவிழா முதல் தடவையா நெட் ஆர்ட்டைக் கூப்பிட்டு, கடைசியில ஆபீஸ் மாதிரி ஒரு ரூம்ல, இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டர்ல வெச்சாங்க. மீனைக் கூப்பிட்டுத் தரையில உக்கார வெச்ச கதை. விழா முடிஞ்சதும் சைட்டை எடுத்துட்டு சிடியா விக்கப் போறோம்னு அறிவிக்க, ஸ்லோவேனியாவுல இருந்த வுக் சோசிச்ங்கிற நெட் ஆர்ட் கலைஞர் மொத்த சைட்டையும் காப்பி அடிச்சு தன்னோட சர்வர்ல ஏத்திட்டார், டாக்குமென்டா டன்னு பேரும் வெச்சு. காப்பியடிச்சதையே படைப்புன்னு சொல்லலாமான்னு கேட்டா, அங்க கலைன்னு சொல்றது ஃபைல்ல இல்ல, கதவை மூடுறதுக்கு முன்னாடி காலை நீட்டி வெச்சதுல இருக்கு. இந்த மாதிரி ஒரு செயலே படைப்பா இருக்கிறதை எடை போடும்போது எப்ப, யாருக்கு எதிரா, என்ன விலை குடுத்துப் பண்ணாங்கன்னுதான் பாக்கணும், பக்கத்தோட அழகை இல்ல.

நடுவருங்க மாட்டுற இடம்

அதே 1997ல ஜெர்மனி ஹாம்பர்க்ல குன்ஸ்ட்ஹாலே மியூசியம் எக்ஸ்டென்ஷன்னு ஒரு நெட் ஆர்ட் போட்டி வெச்சுது. கார்னேலியா சோல்ஃப்ராங்க்னு ஒரு கலைஞர் என்ன பண்ணாங்கன்னா கிட்டத்தட்ட முந்நூறு பெண் கலைஞர்களைக் கற்பனையா உருவாக்குனாங்க, பேரு, முகவரி, போன் நம்பர் உட்பட. படைப்பை எல்லாம் ஒரு புரோகிராம் பண்ணுச்சு, நெட்ல கெடக்கிற எச்டிஎம்எல்லைப் பொறுக்கி எடுத்து கலக்கிக் கலக்கி ஆளுக்கொண்ணா. மியூசியம் சந்தோஷமா வந்ததுல மூணுல ரெண்டு பங்கு பெண்கள்னு அறிவிச்சுது. யாருக்கும் சந்தேகம் வரல. கடைசியில மூணு பரிசும் ஆம்பளைங்களுக்கே போச்சு, அப்புறம்தான் அவங்க விஷயத்தை உடைச்சாங்க, ஃபீமேல் எக்ஸ்டென்ஷன்ங்கிறதுதான் என் படைப்புன்னு.

அந்த நடுவருங்களைப் பாத்து நான் சிரிக்க மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனா நூத்துக்கணக்குல வரும்போது ஒவ்வொண்ணையும் முப்பது நொடி பாத்துட்டுப் போனா மெஷின் பண்ண குப்பைக்கும் மனுஷன் யோசிச்ச கிறுக்குத்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ஏன்னா ரெண்டும் மேல பாக்க ஒரே மாதிரி சிதறித்தான் இருக்கும். வித்தியாசம் அஞ்சாவது நிமிஷத்துல வரும். ஜோடியோட சிதறலுக்குள்ள போகப் போக ஒரு புத்தி வேலை செய்யுறது தெரியும், கலக்கிப் போட்டதுல எவ்ளோ போனாலும் அதே சிதறல்தான். இதுக்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியல, உக்காந்துதான் ஆகணும். இதெல்லாம் கலைதானான்னு ஆரம்பத்துலயே மல்லுக்கட்டாதீங்க, ஆர்ஸ் எலெக்ட்ரானிக்காவே 1999ல நெட் பிரிவுல பெரிய பரிசை லினக்ஸுக்கு, அதாவது கம்ப்யூட்டரை ஓட்டுற ஒரு சாஃப்ட்வேருக்குக் குடுத்தாங்க, வாதம் இன்னும் ஓடுது.

நான் செய்யுறது இதுதான். ஒரு படைப்புக்கு இருபது நிமிஷம், ரெண்டு தடவை, நடுவுல ஒரு நாள் இடைவெளி. முதல் தடவை எதையும் படிக்காம, கலைஞர் எழுதின விளக்கத்தைக் கூடத் தொடாம நேரா உள்ள போயிடுவேன், கையில பேப்பரும் பேனாவும், கிளிக் பண்றதுக்கு முன்னாடி என்ன எதிர்பாத்தேன், என்ன நடந்துச்சுன்னு ரெண்டே வார்த்தையில கிறுக்கிக்கிட்டே வருவேன். எங்க கையை எடுத்தேங்கிறதைக் கட்டாயம் குறிச்சுப்பேன், போரடிச்சு எடுத்தேனா, பயந்து எடுத்தேனா, வெக்கப்பட்டு எடுத்தேனா, மூணும் ஒண்ணு இல்ல. ரெண்டாவது தடவை சோர்ஸ், அட்ரஸ் பார், எந்த வருஷம், அப்ப பிரவுசர்ல என்ன வசதி இருந்துச்சு, எந்தத் தொல்லையை இவங்க வசதியா மாத்துனாங்க. அதுக்கப்புறம்தான் விளக்கத்தைப் படிப்பேன். விளக்கம் படைப்பை விட நல்லா இருந்தா அங்கேயே ஒரு பென்சில் கோடு.

எழுதுற பெட்டி இருக்கிறதுன்னா பெட்டியை நிஜமா பயன்படுத்திப் பாக்காம மார்க் போடாதீங்க. உள்ள போயி, முன்னாடி எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு, ஒரு வரியாவது சொந்தமா எழுதுங்க. "டெஸ்ட்"னு மட்டும் அடிச்சுடாதீங்க.